முதலில் விஷயம், அப்புறம் விவரம்

டொராண்டோவுக்கு வரும் நம் ஆட்களில் பலருக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. காலேஜ் படிப்பே இங்கிலீஷில்தான். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் தேர்வு எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கித்தான் பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை கிடைத்திருக்கும். ஆனாலும் ஆபீஸ் மீட்டிங்கில் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தால் வாய் திறக்க வராது. சொல்ல நினைத்ததை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் வருஷக்கணக்காக வேலை பார்த்து, வருமான வரி அதிகாரிகளிடம் நேருக்கு நேர் வாதாடிய எனக்கே டொராண்டோவின் ஸ்காபரோவுக்கு வந்த முதல் வருஷம் அப்படித்தான் கழிந்தது. கணக்கில் எங்கே பிசகு என்று கண்ணுக்குத் தெரியும். சொல்லத்தான் வராது.

பி.ஆர். வாங்கிப் புதிதாக வந்தவர்களுக்கு லிங்க் என்ற மொழி வகுப்புகள் இலவசம். இங்கிலீஷை அடியிலிருந்து கற்க வேண்டியவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. என்னைப் போன்றவர்களுக்குத் தேவை இலக்கணம் அல்ல, பயமில்லாமல் பேசிப் பார்க்க ஓர் இடம். டொராண்டோ பொது நூலகக் கிளைகள் சிலவற்றில் உரையாடல் வட்டம் நடத்துகிறார்கள். அதுவும் இலவசம். அங்கே எல்லோருமே வெளியூர்க்காரர்கள் என்பதால் யார் உச்சரிப்பையும் யாரும் எடை போடுவதில்லை. பனிக்கால டயர், பள்ளிக்கூட லஞ்ச், வாடகை என்று பேச்சு போகும். என் கூச்சம் முதலில் அங்கேதான் கரைந்தது.

அப்புறம் சேர்ந்தது டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றம். 1924-இல் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ஆரம்பித்தது, இன்று உலகம் முழுக்க இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழிலேயே நடக்கும் மன்றங்களும் உண்டு. இந்த மன்றங்களில் ஆசிரியர் என்று யாரும் கிடையாது. உறுப்பினர்களே மாறி மாறிப் பேசுவார்கள், நேரம் பார்ப்பார்கள், மதிப்பிடுவார்கள். அந்த ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைக்கு என் பேச்சை மதிப்பிடுபவர் அடுத்த வாரம் என் முன்னால் நின்று பேசுவார். அதனால் சொல்லும் சொல்லில் ஒரு பொறுப்பு இருக்கும்.

டேபிள் டாபிக்ஸ் என்று ஒரு பகுதி. பேரைச் சொல்லி அழைத்து, முன்னால் வந்த பிறகுதான் கேள்வியையே சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் பச்சை அட்டை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. என்னிடம் கேட்டது, “சின்ன வயதில் உங்களுக்குப் பிடித்த ஓசை எது?” முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு கீழமாசி வீதியில் அப்பா வேலை பார்த்த மளிகைக் கடை நினைவுக்கு வந்தது. படியில் அரிசியை அளந்து போட்டபடியே “லாபம், ரெண்டு, மூணு” என்று அவர் ராகமாக எண்ணுவார். அதைத் தமிழிலேயே பாடிக் காட்டினேன். எதிரில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். மஞ்சள் அட்டை ஏறியபோதுதான் நேரம் போனதே தெரிந்தது. கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் வந்து அந்தக் கடையைப் பற்றி இன்னும் விசாரித்தார்கள். நம் ஊர்க் கதையை இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் அன்றோடு போய்விட்டது.

அன்றைக்கு வந்த குறிப்புகளும் பயனுள்ளவை. நிரப்புச் சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் பட்டியலில் ‘ஆக்சுவலி’யும் ‘பேசிக்கலி’யும்தான் நிறைந்திருந்தன. மதிப்பிட்டவர் முதலில் என் குரலில் பிடித்ததைச் சொன்னார். பிறகு, “வார்த்தை தேடும்போது கூரையைப் பார்க்கிறீர்கள். எங்களைப் பார்த்தபடியே இரண்டு விநாடி பேசாமல் இருங்கள், நாங்கள் காத்திருப்போம்” என்றார். எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதற்கு மேலான ஒன்றைச் சொல்ல முடியாது. அந்த இரண்டு விநாடி பேசுகிறவருக்குத்தான் நீளமாகத் தெரியும். கேட்கிறவர்களுக்கு அது யோசித்துப் பேசுவதாகவே படும்.

ஆபீஸில் பலன் கொடுத்தது வேறொரு பழக்கம். நாம் முன்கதை சொல்லி விஷயத்துக்கு வருகிறவர்கள். போனில்கூடச் சாப்பாடு, மழை, குழந்தை படிப்பு எல்லாம் விசாரித்த பிறகுதான் வந்த காரியத்தைப் பேசுவோம். அது மரியாதை, அன்பும்கூட. அம்மாவிடம் இன்றும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் நான் பார்த்த ஆபீஸ்களில் “ரிப்போர்ட் ரெடியா?” என்று கேட்டால் எதிர்பார்ப்பது, “வியாழக்கிழமை தருகிறேன். வங்கி அறிக்கை ஒன்று வரவேண்டும்” என்ற பதிலைத்தான். வங்கிக்கு எப்போது எழுதினேன், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஆரம்பித்தால் முதல் அரை நிமிடத்திலேயே கவனம் கலைந்துவிடும். இப்போதெல்லாம் மீட்டிங்குக்குப் போகும் முன் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்கிறேன். நேரம் போதாவிட்டாலும் அந்த ஒன்று போய்ச் சேர்ந்துவிடும்.

முன்பதிவு இல்லாமல் போகும் வாக்-இன் கிளினிக்கில் டாக்டரிடமும் இதுதான். “மூன்று நாளாக இடது காதில் வலி, நேற்றிலிருந்து காய்ச்சல்” என்று தொடங்கினால் மீதியை அவரே கேட்டுக்கொள்வார்.

போன்தான் எல்லாவற்றிலும் கடினம். எதிராளியின் முகம் தெரியாது, வேகமாகப் பேசுவார்கள். பெயரின் எழுத்துகளை ‘டி ஃபார் டேங்கோ’ என்கிற பாணியில் சொல்லப் பழகியதும் பாதிச் சிரமம் குறைந்தது. “கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா?” என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பெரும்பாலும் உடனே நிதானிப்பார்கள். உச்சரிப்பை மாற்ற நான் முயலவே இல்லை. மாற்றத் தேவையும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். வேகத்தைக் குறைத்து, வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்காமல் பேசினால் மதுரை இங்கிலீஷ் இங்கே எல்லோருக்கும் புரிகிறது.

புதிதாக வந்திருப்பவர்கள் முதல் பனிக்காலத்திலேயே ஒரு மன்றத்தைத் தேடிப் போங்கள், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மாதங்கள் அவை. விருந்தினராகப் போகக் கட்டணம் கிடையாது. பிடித்தால் மட்டும் சந்தா கட்டிச் சேரலாம். ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு குணம் உண்டு, அதனால் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் நாளே பேச அழைத்தால், “இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்று சொல்லலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.