உப்புப் பூக்கும் ஓடுகள்

இராமநாதபுரம் கடலோரத்தில் அருங்காட்சியகப் பொருள்களைக் காப்பாற்றும் வேலை பெரும்பாலும் உப்போடு மல்லுக்கு நிற்கும் வேலைதான். பார்வையாளர் காண்பது காட்சிக் கூடத்தின் கண்ணாடிப் பேழைகளை மட்டுமே. பூட்டிய கதவுக்கு அப்பால் சேமிப்பறையில் பானை ஓடுகள், இரும்புக் கருவிகள், சிப்பிகள், பருத்தி வலைகள் என்று காட்சிக்கு வராத பொருள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நான் பணிபுரியும் சிறிய அருங்காட்சியகத்தில், கூடத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பொருள்கள் அந்த அறையில்தான் உள்ளன. அங்கே நடக்கும் பராமரிப்பு வேலையில் சுற்றுவட்டாரப் பள்ளி மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மாணவர்களுக்குக் கற்றுத்தரலாம் என்று தொடங்கிய அத்திட்டத்தில், சேமிப்பறை அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டதே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலிருந்து பல கட்டங்களாக அகழாய்வு செய்திருக்கிறது. உரோமக் காசுகள், ஆம்போரா எனப்படும் இருபிடிச் சாடிகளின் துண்டுகள், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓர் ஓடு ஆகியவை அங்கே கிடைத்தன. தெற்கே பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் நிலத்தில் சிதறிக் கிடந்ததை அவ்வூர் மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். எங்களிடம் உள்ளவை அத்தகைய புகழ்பெற்ற பொருள்கள் அல்ல. உழும்போதும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் கிடைத்தவற்றை ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் கொண்டுவந்து ஒப்படைத்தவை. ஆயினும் எல்லாம் ஒரே மண்ணில் கிடந்தவை. உவர்நீர் ஊறிய அந்த மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த ஓடு, தன் நுண்துளைகள் முழுவதும் உப்பை நிரப்பிக்கொண்டுதான் வெளியே வருகிறது.

மண்ணுக்குள் இருக்கும் வரை அந்த உப்பால் பெரிய கேடு இல்லை. வெளியே எடுத்த பிறகே சிக்கல் தொடங்குகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். படிகம் வளரும்போது துளைச் சுவர்களை அழுத்தி உடைக்கும். எங்கள் கடற்கரையின் காற்றோ ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லைக்கோட்டை ஒட்டியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே உப்பு ஒரே நாளில்கூடக் கரைந்து, காய்ந்து, மறுபடியும் கரைய முடிகிறது. முதலில் ஓட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு மேற்பூச்சு செதில் செதிலாக உதிரும். கடைசியில் கீறலோ எழுத்தோ இருந்த பரப்பே பொடியாகிவிடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான நடைமுறை முடிவு பிறக்கிறது. நிலையான ஈரத்தைவிட, ஏறி இறங்கும் ஈரமே பொருளைக் கெடுக்கிறது. அலுவலக நேரத்தில் மட்டும் ஏசியை ஓட்டி, மாலையில் நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்லும் வழக்கம் பல சிறிய நிறுவனங்களில் உண்டு. உப்பேறிய பொருள்களைப் பொறுத்தவரை, ஏசியே இல்லாத அறையைவிட அப்படிப்பட்ட அறை தீங்கானதாக முடியலாம். நாங்கள் ஏசியை நம்புவதை விட்டுவிட்டு, காற்றுப் புகாத பாலிப்ரொப்பிலீன் பெட்டிகளுக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் அடங்கிய பைகளுக்கும் மாறினோம். ஈரத்தை உறிஞ்சி ஆரஞ்சு நிறம் பச்சையானதும் அந்த மணிகளை அடுப்பில் 120 டிகிரி வெப்பத்தில் உலர்த்தித் திரும்பவும் பயன்படுத்தலாம். மின்சாரம் போனாலும் பெட்டிக்குள் உள்ள காற்று உடனே மாறிவிடாது. குறைந்த பணம் வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழியை நான் கண்டதில்லை. மணிகளின் நிறத்தைப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பதும் உலர்த்துவதற்கு எடுத்து வைப்பதும் இப்போது மாணவர் குழுவின் பொறுப்பு.

உப்பை வெளியேற்றும் வேலைதான் அவர்களுக்கு மிகவும் பிடித்தது. உறுதியாகச் சுட்ட ஓடுகளை நீரில் ஊறவைத்தால் உள்ளிருக்கும் உப்பு சிறிது சிறிதாக நீருக்கு வந்துவிடும். நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு ஊர்களில் முதல் சில ஊறல்களுக்குக் குழாய்நீரே போதுமாக இருக்கலாம். எங்கள் பகுதியில் நிலத்தடி நீரே உவர்ப்பு. அந்த நீரில் ஓட்டை ஊறவைப்பது உப்பை எடுப்பதற்குப் பதிலாக ஊட்டுவதாகிவிடும். எனவே தொடக்கத்தில் ஆர்ஓ நீரும், பிறகு வாலை வடிநீரும் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் மாணவர்கள், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறனை அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைப்பார்கள். கோடு செங்குத்தாக இறங்கி, பிறகு சரிவு குறைந்து, இறுதியில் ஏறத்தாழக் கிடையாகும்போது ஊறல் முடிவுக்கு வந்ததென்று அவர்களே சொல்வார்கள். அதைச் சரிபார்க்க, நைட்ரிக் அமிலத் துளி சேர்த்த மாதிரி நீரில் வெள்ளி நைட்ரேட் விடுவதை மட்டும் கையுறை அணிந்து நாங்கள் செய்கிறோம். நீர் பால்போல் கலங்கினால் உப்பின் குளோரைடு இன்னும் இருக்கிறது. பாடநூலில் ஒரு வரியாகப் படித்த சோதனையின் விடைக்காக, ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓட்டின் முன்னால் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மனநிறைவு பெரிது.

எல்லா ஓட்டையும் ஊறவைக்க முடியாது. சரியாகச் சுடப்படாதவை நீரில் கரையும். மேற்பூச்சு தளர்ந்தவை உதிரும். சமைத்த உணவின் எச்சம் ஒட்டியிருக்கக்கூடிய பானை அடிப்பகுதிகளைக் கழுவினால், நாளை ஓர் ஆய்வாளர் அதிலிருந்து அறியக்கூடியது அனைத்தும் போய்விடும். இப்படிப்பட்டவற்றை என்ன செய்வதென்று பேசிக்கொண்டிருந்தபோது, வாலிநோக்கத்துக்கு அருகிலுள்ள உப்பளக் குடும்பத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள்: "தண்ணி எந்தப் பக்கமா காயுதோ அந்தப் பக்கம்தானே மேடம் உப்பு வரும்? ஓட்டுக்கு மேல வேற எதையாவது சுத்தி, அதைக் காயவெச்சா அதுக்கு வந்துராதா?"

அவள் கேட்டது பொருள் பாதுகாப்புத் துறையில் உலகெங்கும் கையாளப்படும் ஒரு முறை. ஈரக் காகிதக்கூழை ஓட்டின் மேல் அப்பி மெதுவாக உலரவிட்டால், நீர் ஆவியாகும் பரப்பு கூழுக்கு இடம் மாறுகிறது. உப்பு அங்கே வந்து படிகமாகிறது. கூழை உரித்து எறிந்துவிடலாம். நான் பயிற்சிக் காலத்தில் குறிப்பேட்டில் எழுதிப் படித்ததை, அவள் பாத்தியில் நின்று பார்த்தே அறிந்திருந்தாள். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் வாலிநோக்கத்தில் உள்ளன. கடல்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி, அடர்த்தி 25 டிகிரி பாமேயை (கரைசலின் அடர்த்தியை அளக்கும் அலகு) நெருங்கும்போது உப்பு விழுவதைக் காத்திருந்து எடுக்கும் தொழிலாளர்களுக்கு, கரைசல் எப்போது எங்கே படிகமாகும் என்பது கைகண்ட அறிவு. அந்த அறிவோடு வரும் பிள்ளைகளை, எதுவும் தெரியாதவர்களாகக் கருதி வரிசையில் நிறுத்தி, பேழைகளுக்கு முன்னால் விரைவாக நடத்திச் சென்று அனுப்பிவிடும் பள்ளிச் சுற்றுலா முறை எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. நீர் தாங்காத ஓடுகளின் பொறுப்பை அன்று முதல் அவள் குழுவிடமே கொடுத்தோம்.

ஊறல் முடிந்து உலர்ந்த ஓட்டுக்கு எண் எழுதுவது அடுத்த வேலை. நேரடியாக மையால் எழுதக் கூடாது. உட்புறத்தில் கண்ணில் படாத ஓரத்தில் பாராலாய்டு பி-72 என்னும் பிசினை மெல்லிய பட்டையாகப் பூசி, அதன்மேல் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு இட வேண்டும். அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் முழுவதும் நீங்கிவிடும். நாம் செய்யும் எதுவும் பின்னால் வருபவர்களால் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நெறியை மாணவர்கள் இந்தச் சிறு பட்டையின் வழியாகவே புரிந்துகொள்கிறார்கள்.

சிப்பிகளின் கதை வேறு. பழைய ஒட்டுப்பலகை அலமாரியில் இருந்த சங்கு, சோழிகளின் மேலும் வெள்ளைப் பொடி தோன்றியபோது மாணவர்கள் அதையும் கடல் உப்பு என்றே முதலில் எழுதினார்கள். அது பலகையிலிருந்தும் பசையிலிருந்தும் வெளிவரும் அமில ஆவி, சிப்பியின் கால்சியம் கார்பனேட்டோடு வினைபுரிந்து உண்டாகும் வேறு வகை உப்பு. 1899இல் இதைப் பற்றி எழுதிய பைன் என்பவர் கிருமியால் வருவதென்று கருதியதால் இன்றும் அது பைன் நோய் என்றே அழைக்கப்படுகிறது; வேதியியல் காரணம் பின்னர்தான் தெளிவானது. சிப்பிகளை இரும்பு அலமாரிக்கு மாற்றினோம்.

சிப்பி பற்றிப் பேசும்போது சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அன்போடு ஒரு பவளத் துண்டை எடுத்துவரும் மாணவனிடம் அதை வாங்க மறுப்பது கடினம். ஆனால் மறுத்தே ஆக வேண்டும். பவளக் கல்லைப் பார்க்க அவர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்கிறோம். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் எஞ்சிய தேவாலயச் சுவர்களில் பவளக் கற்கள் தெரிகின்றன. சுவரைத் தொடாமல், எந்தப் பக்கம் அதிகமாக அரித்திருக்கிறது, கடற்காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று வரைந்து வருவது அங்கே அவர்களுக்கான பயிற்சி.

எங்களிடம் நைலான் வருவதற்கு முந்தைய காலத்துப் பருத்தி வலை ஒன்று உண்டு. பழுப்பேறி, மடிப்புகளில் இற்றுப் போயிருந்த அதைப் பற்றிப் பதிவேட்டில் 'மீன் வலை' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு முதிய மீனவரை மாணவர்கள் அழைத்து வந்தார்கள். அவர் கண்ணியில் விரல்களை நுழைத்துப் பார்த்து எவ்வகை மீனுக்கானது என்று சொன்னார். நூலை முகர்ந்து, மரப்பட்டைச் சாயம் ஏற்றியதென்றார். ஒவ்வொரு முறை மீன்பிடித்த பிறகும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவார்கள் என்றும், சாயம் மங்கினால் பட்டையை அவித்து மறுபடியும் தோய்ப்பார்கள் என்றும், உப்போடு சுருட்டி வைத்தால் நூல் ஈரம் குடித்து இற்றுவிடும் என்றும் விளக்கினார். "உப்பை உள்ள வெச்சு மூடாதிய, தம்பி" என்று ஒரு மாணவனிடம் சொன்னார். எங்கள் துறையின் கையேடுகள் பல பக்கங்களில் சொல்லும் விதி அது. அவர் சொன்ன அனைத்தும் இப்போது அந்த வலையின் பதிவில், மாணவர்களின் கையெழுத்தில், சொன்னவரின் இசைவோடு இடம்பெற்றிருக்கிறது.

வாடைக்காற்று தொடங்குவதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்ப்பது இப்போது எங்கள் ஆண்டு வழக்கம். வெள்ளை தெரியும் ஓடுகளை மாணவர்கள் தனியே பிரித்து, ஊறவைக்க வேண்டியவை, கூழ் அப்ப வேண்டியவை, தொடாமல் உலர்பெட்டியில் வைக்க வேண்டியவை என்று மூன்று தட்டுகளில் அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். அவர்களின் பிரிப்பில் எனக்கு ஐயம் வந்தால் காரணம் கேட்பேன். பெரும்பாலும் பதில் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது. பள்ளியை முடித்துச் செல்பவர்கள், அடுத்து வரும் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வரைபடத்தாளில் புள்ளி வைப்பதைக் கற்றுக்கொடுத்துவிட்டே போகிறார்கள்.