தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டுங்கள்

கஸ்டம் லூப்பில் (நாமே பாகங்களை இணைத்து அமைக்கும் தண்ணீர்க் குளிரூட்டலில்) மாட்டிய கிராஃபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்கிறவர்களில், அதாவது வழக்கத்தைவிட அதிக வேகத்தில் ஓட்டுகிறவர்களில், பலர் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் ஃபேன் வேகத்தை ஜிபியு (கார்டின் முக்கிய சிப்) வெப்பநிலையோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். விளைவு தெரிந்ததுதான்: கேம் திறந்ததும் ஃபேன்கள் இரையும், மெனுவுக்கு வந்தால் அடங்கும், மறுபடி இரையும். லோடு ஏறிய சில நொடிகளிலேயே சிப்பின் சூடு பத்துப் பதினைந்து டிகிரி தாவிவிடும். தண்ணீர் சூடேறி ஒரு நிலைக்கு வரவோ 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஆற்றுவது தண்ணீரைத்தான். அது இன்னும் சூடாகாதபோது ஃபேனை விரட்டி என்ன பயன்?

கவனிக்க வேண்டியவை இரண்டு இடைவெளிகள். தண்ணீருக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் ரேடியேட்டரும் ஃபேனும் சம்பந்தப்பட்டது. சிப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் வாட்டர் பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகக் கட்டி), இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட், பம்ப் சம்பந்தப்பட்டது. தண்ணீர் 36 டிகிரியில் இருக்க, சிப் 70-ஐத் தொடுகிறது என்றால் ஃபேனை 100 சதவீதத்தில் வைத்தாலும் பெரிதாக எதுவும் மாறாது. பிளாக்கைக் கழற்றி மறுபடி சரியாக உட்கார வைக்க வேண்டும். ஹாட் ஸ்பாட், அதாவது சிப்பிலேயே மிகச் சூடான புள்ளி, சிப் சூட்டைவிட 25 டிகிரிக்கு மேல் தள்ளி நின்றாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேஸ்டையும் பிளாக் உட்கார்ந்திருக்கும் விதத்தையும்தான்.

எனவே முதலில் தண்ணீரின் சூட்டை அளக்க ஒரு கூலன்ட் சென்சார் வேண்டும். ஜி கால் அங்குல மரையோடு வரும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் போதும். மதர்போர்டில் அதைச் செருக இரண்டு பின் ஹெடர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது அளவெடுப்பது. பவர் லிமிட்டை (கார்டு எடுக்கும் மின்சக்தியின் உச்சவரம்பை) நீங்கள் ஓட்டப்போகும் அளவுக்கு ஏற்றி, பம்பை ஒரே வேகத்தில் ஓடும்படி வைத்துவிட்டு, கனமான ஒரு லோடை ஓடவிடுங்கள். ஃபேனை 100, 75, 50, 40 சதவீதம் என்று வைத்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிலைக்கு வரும்வரை காத்திருந்து, அறை வெப்பநிலையைக் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி அவசரத்தில் எடுத்த எண் எதற்கும் உதவாது. 10 டிகிரி வித்தியாசம் மிக நல்லது, 15 வரை கவலையில்லை. பெரும்பாலும் ஃபேன் வேகம் 1200 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு) மேல் போனால் கிடைப்பது இரண்டொரு டிகிரி, கூடவே நிறைய இரைச்சல். என்விடியா கார்டில் அந்த இரண்டொரு டிகிரி பூஸ்ட் கிளாக்கில் (கார்டு தானாக ஏற்றிக்கொள்ளும் சிப் வேகத்தில்) ஒரு படி, அதாவது 15 மெகாஹெர்ட்ஸ், தந்தாலே அதிகம். அதற்காகக் காதைப் புண்ணாக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கர்வுக்கு, அதாவது எந்தச் சூட்டுக்கு எந்த ஃபேன் வேகம் என்ற வரைவுக்கு, ஒரு தொடக்கம்: தண்ணீருக்கும் அறைக்கும் வித்தியாசம் 5 டிகிரி வரை 35 சதவீதம், 10-இல் 50, 15-இல் 75, 20-இல் 100. தண்ணீரின் நேரடி வெப்பநிலையை வைத்துக் கர்வ் போட்டால், வெயில் காலத்தில் சும்மா இருக்கும்போதே ஃபேன்கள் முழு வேகத்தில் ஓடும், ஏனென்றால் தண்ணீர் அறையைவிடக் குளிர வழியே இல்லை. ஃபேன்கன்ட்ரோல் போன்ற மென்பொருளில் தண்ணீர் சென்சாரின் எண்ணிலிருந்து அறைக் காற்றை அளக்கும் சென்சாரின் எண்ணைக் கழித்துப் பயன்படுத்தலாம். 2 டிகிரி ஹிஸ்டெரிசிஸும், அதாவது சூடு அவ்வளவு மாறும்வரை வேகத்தை மாற்றாத இடைவெளியும், வையுங்கள். வேகம் ஏறி இறங்கி ஊசலாடாது.

ரேடியேட்டரோடு வரும் ஹைப்ரிட் கார்டுகளின் கதை வேறு. அவற்றில் பலவற்றில் தண்ணீர் சிப்பை மட்டும் ஆற்றும். மெமரிக்கும் விஆர்எம்முக்கும் (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதிக்கும்) கார்டின் மேலுள்ள சின்ன ஃபேன்தான் கதி. அது சிப்பின் சூட்டைப் பார்த்து ஓடுவதால், சிப் 50 டிகிரியில் சுகமாக இருக்க, மெமரி வெந்துகொண்டிருக்கும். ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி 110 டிகிரியை எட்டினால் வேகம் குறைந்துவிடும். மெமரியை ஓவர்கிளாக் செய்தால் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் அந்த ஃபேனுக்குத் தனிக் கர்வ் போட்டு, சிப் 40 டிகிரியில் இருக்கும்போதே 50 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். சூடு குறைவாக இருந்தால் ஃபேனை நிறுத்திவிடும் ஜீரோ ஆர்பிஎம் வசதியையும் அணைத்துவிடுங்கள். சென்சார்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்பின் உள்வெப்பநிலை) எண் 90-க்குக் கீழே நின்றால் போதும்.

ஃபேன்கன்ட்ரோல் போன்ற மென்பொருள் தொடங்காமல் போனால் ரேடியேட்டர் ஃபேன்கள் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்குத் திரும்பிவிடும். அதனால் அங்கேயும் 60 சதவீதம் என்று நிலையாக ஒரு வேகம் வைத்துவிடுங்கள்.