உருக்குப் பாட்டில்

எங்கள் வெள்ளிக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அறுந்த கொலுசு, திருகு போன மெட்டி, நசுங்கிய குங்குமச்சிமிழ் எல்லாம் தகர டின்னுக்குப் போகும். பாட்டில் காசுக்கு மட்டும். ஓட்டை போட்ட காசு, வளையம் பற்றவைத்த காசு, ஓரம் அராவிய காசு, வளைந்த காசு. சனிக்கிழமை சாயங்காலம் பாட்டிலைக் கவிழ்த்து எடை போட்டு ஆசாரியிடம் கொடுத்தால் திங்கட்கிழமை கட்டியாகத் திரும்பி வரும். விக்டோரியா, எட்வர்டு, இரண்டு ஜார்ஜ் என்று எத்தனை பேர் உருக்குகிற மூசைக்குள் இறங்கினாலும் வெளியே வருவது ஒரே கட்டிதான்.

மதுரையில், தெற்காவணி மூல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. வெள்ளி வியாபாரம், கூடவே அடகு. நான் 2003-ல் வேலைக்குச் சேர்ந்தேன், பழைய வெள்ளி எடுக்கிற இடத்தில். மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்து ஜனம்தான் அதிகம் வரும். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை வைத்துவிட்டு, "விக்டோரியா ராணி காசுய்யா, அம்புட்டும் வெள்ளி" என்பார்கள்.

அம்புட்டும் வெள்ளி இல்லை. பிரிட்டிஷ் ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளியாகக் கணக்குப் போட்டால் 10.69 கிராம். கிராம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காசுக்குள் 1,069 ரூபாய் இருக்கிறது. போர்க்காலத்தில், 1940-லிருந்து, வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். எடையும் மாறவில்லை, ராஜாவும் அதே ஆறாம் ஜார்ஜ்தான். உள்ளே 5.83 கிராம்தான். இதற்கு உரைகல்கூட வேண்டாம், விளிம்பைப் பார்த்தால் போதும். பழைய காசின் விளிம்பில் நேர்க்கோடுகள் மட்டும் இருக்கும். புதியதில் அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். இதைச் சொன்னதும் சில பேர் முகம் விழுந்துவிடும். "நல்லாப் பாருய்யா" என்று காசை நம் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளுவார்கள், தள்ளினால் வெள்ளி ஊறும் என்பதுபோல.

முதல் இரண்டு வருஷம் நானும் எடையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. சேதமான காசென்றால் பாட்டில், அவ்வளவுதான். ஒருநாள் கூட்டம் இல்லாத மத்தியானம், சும்மா இருக்க முடியாமல் லென்ஸை வைத்து பாட்டில் காசுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் சனிக்கிழமைதோறும் ஒன்றிரண்டை எடைக் கணக்கில் சம்பளத்தில் கழித்து எடுத்துக்கொண்டேன். முதலாளி சிரித்தார். "ஓட்டக் காசச் சேத்து எந்தக் கோட்டையக் கட்டப் போற?"

வளையம் வைத்த காசுதான் என்னை இழுத்தது. காசு மாலையில் கோத்த ரூபாய்கள். எந்தப் பக்கம் வெளியே தொங்கியது என்று காசே சொல்லும். ராணி முகம் ஊரைப் பார்த்துத் தொங்கியிருந்தால், மார்பில் உரசிய மறுபக்கம் வழுக்கையாகி, எழுத்தும் வருஷமும் மங்கியிருக்கும். வயிற்றெரிச்சல் அதில்தான், ஏனென்றால் விக்டோரியா காசின் விலை அந்த வருஷப் பக்கத்தில் இருக்கிறது. 1862 என்று அச்சிட்ட ரூபாயை அதே வருஷத்தோடு 1874 வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளி வைத்து வேறுபாடு காட்டினார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் சேகரிப்பவர்கள் விலை பேசுவார்கள். ஒரு மருமகள் நாற்பது வருஷம் மாலையைக் கழற்றாமல் போட்டிருந்தால் புள்ளிக்கு எங்கே போவது?

வளையத்தைப் பொடி வைத்து, ஊதுகுழலில் ஊதிப் பற்றவைப்பார்கள். பொடி வைத்து ஊதுகிறான் என்று சொல்கிறோமே, அது இந்த வேலைதான். அந்தப் பொடியில் மட்டமான கலப்பு உண்டு. அதனால் வளையம் வைத்த காசு 12 கிராம் காட்டினாலும் நாங்கள் 11-க்குத்தான் கணக்குப் போடுவோம். இப்போது போனில் எதையோ பார்த்துவிட்டு வருகிற பையன்கள், "அண்ணே, வளையத்த அறுத்துட்டா நல்ல காசு வெல கெடைக்குமாமே?" என்கிறார்கள். கிடைக்காது. அறுத்த இடத்தில் தழும்பு நிற்கும். தழும்பை அராவினால் விளிம்புக் கோடு போகும். சாதாரண வருஷம் என்றால் அப்போதும் வெள்ளி விலைதான். அரிய வருஷமாக இருந்தால்கூட நல்ல காசின் விலையில் பாதியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. மாலையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தால் நகையாகவாவது ஒருவர் கேட்பார். எத்தனை தடவை சொன்னாலும் கட்டிங் பிளேயரோடு வருகிறார்கள்.

எல்லாச் சேதமும் ஒன்றல்ல என்று எனக்குப் புரியவைத்தது ஓர் ஆற்காட்டு ரூபாய். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் முகலாய பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் பெயரில் பாரசீக எழுத்தோடு அடித்தது, சின்னத் தாமரை முத்திரை இருக்கும். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் கழித்தும் அதே பெயர், அதே ஹிஜ்ரி 1172. என் கையில் வந்ததில் பூ, பிறை, புள்ளி என்று ஒன்பது குத்து. அம்மைத் தழும்பு முகம் மாதிரி. முதலாளி பாட்டிலில் போடச் சொன்னார். அந்தக் குத்து ஒவ்வொன்றும் ஒரு சராப்பின், அதாவது காசைச் சோதித்து மாற்றுகிறவரின், கை. காசு கைமாறும்போது மேலே மட்டும் வெள்ளி பூசியிருக்கிறதா, உள்ளேயும் வெள்ளியா என்று ஆழம் பார்த்து, நான் பார்த்துவிட்டேன் என்று தன் முத்திரையை வைத்துவிட்டுப் போவார். நோட்டக்காரர் என்று தமிழில் அவருக்குப் பெயர். இன்று நோட்டம் விடுகிறான் என்றால் திருடன் ஞாபகம் வருகிறது, அது வேறு. அதற்கும் முன்னால் வண்ணக்கன். சங்கப் புலவர்கள் சிலர் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பது பேர் சோதித்துத் தேறிய காசை பத்தாவது ஆளாக நான் உருக்க மாட்டேன் என்று எடுத்துவைத்துக்கொண்டேன்.

ஏமாற்று வேலைகளுக்கும் குறைச்சல் இல்லை. அனுமார் படம், 1818, கிழக்கிந்தியக் கம்பெனி என்று போட்ட செம்புக் காசை லட்சக்கணக்கில் போகும் என்று மாதம் ஒருவராவது கொண்டுவருவார். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. 1938-ல் எட்டை ஒன்பதாக்கிச் செதுக்கிய ஒரு ரூபாயும் வந்தது, 1939 ரூபாய் அரிது என்று தெரிந்த ஆள் செய்த காரியம். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயோடு வருகிறவர்களை மட்டும் உட்காரவைத்துப் பேசுவேன். ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்ததால், முஸ்லிம்களிடம் எதிர்ப்பு வந்து, மறு வருஷமே அச்சை மாற்றினார்கள். தேய்ந்த காசில் யானையும் இருக்காது, பன்றியும் இருக்காது. மார்பில் ஒரு வழுவழுப்புதான்.

மண்ணில் கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் நாங்கள் தொடுவதில்லை. புதையல் சட்டம் 1878-லேயே போட்டது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். பக்கத்தில் கீழடியில் முத்திரை குத்திய வெள்ளிக்காசு கிடைத்த பிறகு, திருப்புவனம் பக்கமிருந்து ஒருவர் துணியில் முடிந்து எதையோ கொண்டுவந்தார். கலெக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் முடிச்சை அவிழ்க்காமலே போய்விட்டார்.

நான் செய்த சேதம் ஒன்று இருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர் மூன்று ரூபாய்க் காசு அடகு வைத்திருந்தார். எட்வர்டு காசு. கிரீடம் இல்லாததால் எங்கள் கடையில் அவர் மொட்டைத் தலை. வட்டியும் முதலும் கட்டி மீட்க வருகிறார் என்று தெரிந்ததும், கறுத்துக் கிடக்கிறதே, பாவம் கிழவி சந்தோஷப்படட்டும் என்று பாலீஷ் மிஷினில் வைத்தேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி வைத்திருந்தாலாவது தப்பித்திருப்பேன். மூன்றும் கண்ணாடி மாதிரி வந்தன.

அப்பத்தா கையில் வாங்கி, திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரலால் ஒரு காசின் கழுத்துப் பக்கம் தடவினார். மறுபடி தடவினார்.

"இது எங்காசு இல்லய்யா."

"ஒங்க காசுதான் அப்பத்தா, பாலீஷ் போட்டேன்."

"எங்க மாமியா பேரு பேச்சி. ஊசியால பே-ன்னு கீறி வச்சிருந்துச்சு. எங்க அந்த பே?"

முதலாளி எழுந்து வந்தார். அடகுச் சீட்டை எடுத்து, எடை போட்டுக் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று மூன்றையும் தராசில் வைத்தார். சீட்டில் 34.280. தராசில் 34.170. மிஷின் தின்ற நூற்றிப் பத்து மில்லி. கடையில் நின்ற நாலு பேரும் எண்ணைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அப்பத்தா சத்தம் போடவில்லை. இரண்டு காசை முந்தானையில் முடிந்துகொண்டு, மூன்றாவதைத் தராசுத் தட்டிலேயே விட்டார். முதலாளி அதற்கு உரிய பணத்தை நீட்டினார். "மாத்துன காசுக்கு எனக்கு எதுக்குய்யா பணம்?" என்று படியிறங்கிவிட்டார். அந்தப் பணமும் என் சம்பளத்தில்தான் கழிந்தது.

அந்த எட்வர்டு என் மேஜை டிராயரில் கிடக்கிறது. 1907. உறை போடவில்லை, துடைப்பதும் இல்லை. விளிம்பிலிருந்து மெல்ல மஞ்சளாகி, இப்போது பழுப்பு ஏறிக் காதுவரை வந்துவிட்டது. கழுத்துப் பக்கம் காசைச் சாய்த்துப் பிடித்தால், பே-யின் கொம்பு மாதிரி ஒரு கோடு சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. பாலீஷ் மிஷின் போட்ட கீறலாகவும் இருக்கலாம்.