மீன் டெக்கில் எத்தனை மீன் போடலாம்?

"மெர்ஃபோக் கார்டு எல்லாத்தையும் ஒரே டெக்ல அடுக்கினா ஜெயிக்குமா அண்ணே?" என்று எங்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் புதிதாக வரும் தம்பி ஒருவன் கேட்டான். ஜெயிக்காது. மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் ஓர் இனத்தை வைத்து டெக் (ஆடுவதற்கான கார்டுக் கட்டு) போடுகிற பலர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். இனத்தின் மேல் உள்ள ஆசையில், கிடைத்த மீனையெல்லாம் (மெர்ஃபோக் என்ற கடல் இனத்தைத்தான் மீன் என்கிறேன்) திணித்துவிடுவார்கள். நான் ஆடுகிற டெக்கில் மீன்கள் 26தான். ஆட்டத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு வருவது பெரும்பாலும் மீனே இல்லாத 8 கார்டுகள்.

முதலில் லார்டுகள், அதாவது தன் இனத்துக்கே பலம் கூட்டும் கார்டுகள். லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் 1993ல் வந்த முதல் செட்டிலேயே இருந்த கார்டு. மற்ற மெர்ஃபோக் எல்லாவற்றுக்கும் +1/+1 (அடிக்கும் பலமும் தாங்கும் பலமும் ஒவ்வொன்று கூடும்), கூடவே எதிராளியிடம் ஐலண்ட் (நீல மானா, அதாவது கார்டு போடும் சக்தி, தரும் லேண்ட் கார்டு) இருந்தால் தடுக்கவே முடியாத ஐலண்ட்வாக். வேடிக்கை என்னவென்றால், அந்த செட்டில் மெர்ஃபோக் என்று இருந்தது ஒரே ஒரு கார்டு, அதுவும் சும்மா ஒரு 1/1. அந்த லார்டே அப்போது மெர்ஃபோக் கணக்கில் வராது. குடிமக்களே இல்லாத ராஜா. 2006ல் டைம் ஸ்பைரல் செட்டோடு மறுபடி அச்சானதால்தான் மாடர்ன் என்ற போட்டி வகையில் அவரை ஆட முடிகிறது. 2012ல் அதே வேலையைச் செய்கிற மாஸ்டர் ஆஃப் த பேர்ல் ட்ரைடென்ட் வந்தார். இரண்டும் 2 நீல மானா, இரண்டும் 2/2. 2022ல் வந்த வொடாலியன் ஹெக்ஸ்கேச்சர் மூன்றாவது லார்ட்.

ஐலண்ட் மாதிரி அடிப்படை லேண்டுகள் தவிர, ஒரு கார்டை 4 பிரதிதான் வைக்கலாம். 60 கார்டு டெக்கில் 4 பிரதி இருந்தால், முதல் 7 கார்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 40 சதவீதம். 8 என்றால் 65. 12 என்றால் 80க்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் மூன்று லார்டும் நாலு நாலு. இதில் பேரமே இல்லை.

இப்போது அந்த மீன் அல்லாத 8 கார்டுகளுக்கு வருவோம். ஈதர் வைல், 1 மானா. நம் ஒவ்வொரு திருப்பமும், அதாவது நம் முறை வரும்போதெல்லாம், தொடக்கத்தில் (அப்கீப்பில்) அதன் மேல் ஒரு கவுண்டர் (எண்ணிக்கைக்கான அடையாளம்) போட்டுக்கொள்ளலாம். அதைப் பக்கவாட்டில் திருப்பினால், கவுண்டர் எண்ணிக்கைக்குச் சமமான மானா விலையுள்ள ஒரு கிரியேச்சரை (மீன் மாதிரி சண்டை போடும் கார்டு) கையிலிருந்து நேராகக் களத்தில் இறக்கலாம். அது மானா கொடுத்துப் போடும் ஸ்பெல்லே இல்லை என்பதால் எதிராளி அதை ரத்து செய்ய முடியாது. முதல் திருப்பத்தில் வைல் விழுந்தால் டெக்கின் வேகமே வேறு. இரண்டாவது திருப்பத்தில் சில்வர்கில் அடெப்ட் என்ற 2/1 மீனை மானா கொடுத்து இறக்கி ஒரு கார்டு எடுத்துக்கொள்கிறாய், வைல் வழியாக ஒரு 1/1 வருகிறது. மூன்றாவதில் ஒரு லார்டுக்கு மானா, இன்னொரு லார்டுக்கு வைல். அடெப்ட் 4, அந்தக் குட்டி 3, ஆக 7 அடி. நாலாவதில் லார்டுகளும் சேர்ந்து போகிறார்கள்: 3, 3, 4, 3. பதின்மூன்று. மொத்தம் 20. எதிராளியின் உயிர் சரியாக 20. அந்த நாலாவது திருப்பத்து மானாவை நாம் இன்னும் தொடவே இல்லை என்பதையும் கவனி.

கவுண்டரைப் "போட்டுக்கொள்ளலாம்" என்றுதான் கார்டு சொல்கிறது, கட்டாயமில்லை. புதிதாக ஆடுபவர்கள் பழக்கதோஷத்தில் 3, 4 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். நான் 2ல் நிறுத்திவிடுவேன். கையில் 3 மானா மீன் தவிர வேறொன்றும் இல்லாதபோதுதான் ஏற்றுவேன்.

வைலோடு உட்கார்ந்திருப்பதில் இன்னொரு சுகமும் உண்டு. நான் அடெப்டையும் ஒரு 1/1ஐயும் வைத்துத் தாக்குகிறேன். எதிராளி தன் 2/2ஐ அடெப்டின் முன்னால் நிறுத்துகிறான். இரண்டும் சாகும், சமமான பேரம் என்று அவன் கணக்கு. தடுப்பு அறிவித்த பிறகு வைலைத் திருப்பி ஒரு லார்டை இறக்குகிறேன். ஏற்கெனவே தடுத்துவிட்டதால் ஐலண்ட்வாக் கிடைத்தும் பயனில்லை, அது வேறு விஷயம். ஆனால் அடெப்ட் இப்போது 3/2. அவனுடைய 2 அடியில் இன்னும் செத்துப்போகும். மாஸ்டர் ஏற்கெனவே களத்தில் இருந்திருந்தால் 4/3 ஆகிப் பிழைத்திருக்கும். இந்தச் சின்னக் கணக்கைத்தான் ஆடும்போது மனசுக்குள் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்: ஒரு லார்ட் போதுமா, இரண்டு வேண்டுமா, இப்போது காட்டிவிடலாமா, அடுத்த திருப்பம் வரை ஒளித்து வைக்கலாமா. கையில் எதுவுமே இல்லாதபோதும் வைலின் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல் உட்கார்ந்தால் பாதிப் பேர் தடுக்கவே மாட்டார்கள்.

அடுத்தது ஸ்ப்ரெடிங் சீஸ். 2 மானா. எதிராளியின் ஒரு லேண்டை ஐலண்ட் ஆக்கிவிட்டு நமக்கு ஒரு கார்டும் தருகிறது. ஐலண்டே வைக்காத எதிராளிக்கு நாமே ஐலண்டைக் கொடுத்து, பிறகு ஐலண்ட்வாக்கில் நடந்துபோகிறோம். ட்ரான் டெக்குக்கு எதிராக இது இன்னும் கொடுமை. அந்த டெக்கில் உர்சாவின் பெயருள்ள மூன்று லேண்டும் சேர்ந்தால் 7 மானா வரும். அதில் ஒன்றைக் கடலில் மூழ்கடித்தால் அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். டைட் ஷேப்பர் என்ற மீனும் கிக்கர் (கூடுதல் மானா) கொடுத்தால் இதே வேலையைச் செய்யும், ஆனால் அது களத்தில் இருக்கும் வரைதான்.

லேண்ட் 20: ஐலண்ட் 12, மியூட்டாவால்ட் 4, கேவர்ன் ஆஃப் சோல்ஸ் 4. கேவர்ன் விலை கையைக் கடிக்கும், முதலில் ஐலண்ட் வைத்தே ஆடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வை: கேவர்னின் நீல மானா, நாம் சொன்ன இனத்தின் கிரியேச்சருக்கு மட்டும்தான். ஸ்ப்ரெடிங் சீஸுக்கு அது நீலம் தராது. கையில் கேவர்னும் மியூட்டாவால்டும் மட்டும் வந்தால் அந்தக் கார்டுகளைக் கட்டிலேயே போட்டுவிட்டுப் புதிதாக எடுப்பதே மேல். மியூட்டாவால்ட் 1 மானாவில் எல்லா இனமுமான 2/2 ஆகிறது, ஆகவே லார்டுகளின் பலம் அதற்கும் சேரும். எதிராளியின் மியூட்டாவால்டுக்கும் சேரும், ஏனென்றால் அட்லாண்டிஸ்காரர் "உன் மெர்ஃபோக்" என்று சொல்வதில்லை, எல்லா மெர்ஃபோக்கும் அவருக்கு ஒன்றுதான். மாஸ்டர்தான் தன் ஆட்களை மட்டும் கவனிப்பவர்.

பிடித்த மீன்களை வெளியே எடுப்பதுதான் கஷ்டம். மெரோ ரீஜெரி 2007ல் வந்த லார்ட், மெர்ஃபோக் போடும்போதெல்லாம் எதையாவது சாய்க்கும், நிமிர்த்தும். எனக்கு அவ்வளவு பிரியம். 3 மானா இடத்தில் இப்போது ஸ்வயலன் உட்கார்ந்திருக்கிறது: 3/4, தாக்கும்போது ஒரு கார்டு, கூட இன்னும் இரண்டு மெர்ஃபோக் இருந்தால் அழிக்க முடியாது. ரீஜெரி போய்விட்டது. மாஸ்டர் ஆஃப் வேவ்ஸும் போய்விட்டது, 4 மானா மீனுக்கு 2ல் நிற்கிற வைல் உதவாது.

கர்ஸ்கேச்சர் என்ற 1/1 மீனை வெளியேற்றியது எதிராளிகள் ஆடுகிற ஆர்கிஷ் போமாஸ்டர்ஸ் கார்டு. 2023ல் அது வந்த பிறகு 1 டஃப்னெஸ் (தாங்கும் பலம்) உள்ள மீன்களை நம்ப முடியவில்லை. அடெப்ட் ஒரு கார்டு எடுக்கும், அந்த எடுப்புக்கே போமாஸ்டர்ஸ் 1 அடி அடிக்கும், அதில் அடெப்டே சாகும். அதையும் மீறி அடெப்டை 4 வைத்திருக்கிறேன். கார்டு கைக்கு வந்துவிட்டதே, செத்தாலும் நஷ்டமில்லை என்பது என் வாதம். எங்கள் மேஜையில் இதற்கு ஆதரவு குறைவு.

ஆங்கர் ஆஃப் த காட்ஸ் மாதிரி எல்லோருக்கும் 3 அடி கொடுக்கும் கார்டைத்தான் பயப்படவேண்டும். அதற்காகவே, அப்படிப்பட்ட கார்டை ரத்து செய்யும் ஃபோர்ஸ் ஆஃப் நெகேஷன் 3. எதிராளியின் திருப்பத்தில் மானா இல்லாமலே, கையிலிருக்கும் ஒரு நீலக் கார்டை விலையாகக் கொடுத்துப் போடலாம். நம் மீன் எல்லாமே நீலம்.

ஆக லார்டுகள் 12, அடெப்ட் 4, டைட் ஷேப்பர் 4, ஸ்வயலன் 3, ஹார்பிங்கர் ஆஃப் த டைட்ஸ் என்ற மீன் 3, வைல் 4, சீஸ் 4, ஃபோர்ஸ் 3. லேண்டோடு 57. மிச்சம் 3 இடம். 1 மானாவும் 4 உயிரும் கொடுத்தால் -5/-5 தரும் டிஸ்மெம்பர் 3 பிரதியும் அங்கேதான் இருக்கிறது. வேகமான சிவப்பு டெக்குகள் நிறைய வருகிற வாரத்தில் 4 உயிர் என்பது பெரிய விலை. அப்போது இரண்டை எடுத்துவிட்டு ரிஷாடன் டாக்ஹேண்ட் என்ற மீனை வைப்பேன்.