நெருப்புக்கு அஞ்சும் ஊர்: பெர்கன் நாட்குறிப்பு

ஜூன் 10, 2024, திங்கள்

விமான நிலைய வாசலிலேயே டிராம் நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் நார்வேயின் பெர்கன் நகரின் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. வழியெல்லாம் மழை. கொட்டவும் இல்லை, விடவும் இல்லை, ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. டிராமில் ஒருவர் கையிலும் குடையைக் காணோம். மழைக்கோட்டைக் கழுத்துவரை மூடிக்கொண்டு அவரவர் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். இறங்கியதும் காரணம் புரிந்தது. துறைமுகப் பக்கமிருந்து அடித்த காற்று என் கணவரின் குடையை மேல்நோக்கிப் புரட்டிவிட்டது. பக்கத்துக் குப்பைத்தொட்டியில் வேறு யாரோ போட்ட குடைகள் கம்பியை நீட்டிக்கொண்டு கிடந்தன.

அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டுவது இந்த ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளில்தான். ஆண்டுக்கு 2,200 மி.மீ.க்குக் குறையாமல் பெய்கிறது. சென்னையில் சுமார் 1,400 மி.மீ. பெய்தாலும் அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே வருஷம் முழுக்கத் தவணை. 2006 அக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை 85 நாள், ஒரு நாளும் விடாமல் பெய்திருக்கிறதாம்.

நாங்கள் தங்கியிருப்பது நார்ட்னெஸ் பக்கம், கருங்கல் பாவிய ஒரு சந்தில், வெள்ளைச் சாயம் அடித்த பழைய மரவீடு. மாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் கயிற்று ஏணி. வீட்டுக்கார அம்மா சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் எடுத்துக் காட்டினார். கொக்கியை எங்கே மாட்டுவது, எந்தப் பக்கமாக இறங்குவது, அறையில் மெழுகுவத்தி ஏற்றவே கூடாது என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வைஃபை. "இவ்வளவு மழை பெய்கிற ஊரில் நெருப்புக்கு இத்தனை பயமா?" என்றார் இவர், தமிழில். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியை அழுத்தினார். அது போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரவு பதினோரு மணி ஆகியும் வெளியே வெளிச்சம் இருப்பது வேறு.

ஜூன் 11, செவ்வாய்

பிரிகன். அஞ்சலட்டைகளில் வருகிற, துறைமுகத்தைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் கூர்முகட்டு மரவீடுகள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை. காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். பத்து மணிக்குமேல் சொகுசுக் கப்பல் கூட்டம் வந்துவிடும்.

முன்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நுழைந்தால் பலகை பாவிய குறுகிய சந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. தலைக்குமேல் இரு பக்கமும் மாடி நடைகள், வெளிப்புறப் படிகள், மூட்டை தூக்கும் கப்பி. எதுவும் நேராக இல்லை. ஒரு வீடு அடுத்த வீட்டின் தோளில் சாய்ந்திருக்கிறது, கதவுச் சட்டங்கள் கோணியிருக்கின்றன. மழையில் ஊறிய பைன் பலகையின் வாசனையோடு லேசாகத் தார் வாசனையும் வந்தது.

இது ஜெர்மானிய வணிகர்களின் இடம். லூபெக் நகரைத் தலைமையாகக் கொண்ட ஹன்சா கூட்டமைப்பு 1360 வாக்கில் இங்கே தன் வணிக நிலையத்தை நிறுவியது. அது 1754 வரை நீடித்தது. சரக்கு என்னவென்றால் கருவாடு. நான் தூத்துக்குடிக்காரி, கருவாட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இது வேறு ஜாதி. வடக்கே லொஃபோட்டன் தீவுகளில் பிடிக்கும் காட் மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, பிப்ரவரி முதல் மே வரை மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். ஒரு கல் உப்புகூடச் சேர்ப்பதில்லை. நம் ஊர் வெயிலில் உப்பில்லாமல் வைத்தால் மாலைக்குள் புழு வைத்துவிடும். அங்கே உறையும் குளிருக்குப் பக்கத்திலேயே நிற்கும் காற்று, ஈக்களுக்கு முந்தி மீனைக் காயவைத்துவிடுகிறது. கடையில் ஒன்றை வாங்கித் தட்டிப் பார்த்தேன், விறகு மாதிரி சத்தம் வந்தது. வருஷக்கணக்கில் கெடாதாம்.

வடக்கே தானியம் விளையாது. மீனவர்கள் மீனோடு தெற்கே பெர்கனுக்கு வந்து, பால்டிக் பக்கமிருந்து வந்த மாவோடும் தானியத்தோடும் திரும்பினார்கள். அடுத்த வருஷத்து மீனுக்கு இந்த வருஷமே கடன். அந்தக் கடன் தீர்ந்தபாடில்லை. முன்பணம் கொடுத்துப் படகைக் கட்டிப்போடும் வியாபாரி எந்தக் கடற்கரைக்கும் புதியவன் இல்லை.

பின்பக்கம் ஷோட்ஸ்டூவனே என்ற கூடங்கள் இருக்கின்றன. மீன் வைத்திருந்த மரக்கட்டடங்களில் நெருப்பு மூட்டத் தடை. குளிர்காலத்திலும்தான். அதனால் சூடான சோறு, சூடான அறை, பள்ளிப்பாடம், குடி, கூட்டம் எல்லாவற்றுக்கும் தனியாக இந்தக் கூடங்கள். வணிக நிலையத்தில் இருந்த ஆண்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பதும் விதி. வேலை பழக வந்த பையன்கள் பகலெல்லாம் மீன் மூட்டை சுமந்துவிட்டு, அலமாரி போன்ற கட்டில்களில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள்.

இத்தனை எச்சரிக்கையும் போதவில்லை. 1702இல் எல்லாம் எரிந்தது. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு பழைய அமைப்பிலேயே எழுப்பியவை. 1955இல் மறுபடியும் ஒரு பகுதி எரிந்தது. மிஞ்சிய சுமார் அறுபது கட்டடங்கள் 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

ஜூன் 12, புதன்

மழை. மீன் சந்தைக்குப் போனோம். பெரிய சிவப்பு நண்டு, இறால், திமிங்கலக் கறிகூட இருக்கிறது. ஒரு தட்டு சாப்பாடு நம் கணக்கில் மூவாயிரம் ரூபாயைத் தாண்டும். விலைப்பலகையைப் படித்துக்கொண்டு நின்றபோது, "அக்கா, இந்தியாவோ?" என்று ஒரு குரல். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். "இங்கை வாங்காதேங்கோ. இது கப்பலிலை வாற ஆக்களுக்கு" என்று சொல்லி, பேருந்தில் போய் வாங்க வேண்டிய ஒரு கடையையும் சொன்னார்.

வந்த புதிதில் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் இருந்தாராம். எண்பதுகளின் கடைசியில் வந்த தமிழர்கள் பலருக்கு அதுதான் முதல் வேலை. அவருடைய அப்பா அதற்கும் முன்னால் காரைநகர் சீநோரில் வேலை பார்த்தவர். 1956இல் நார்வேக்கு வந்த அன்ரனி ராஜேந்திரம் என்பவர், நார்வே மக்களிடம் பணம் திரட்டி யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மீன்பிடி நிறுவனம் அது. நம் பக்கம் கேரளத்து நீண்டகரையிலும் 1953இல் நார்வேக்காரர்கள் விசைப்படகுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். இவர்களுக்கும் நமக்கும் பேச்சு எங்கே தொடங்கினாலும் மீனில்தான் போய் நிற்கிறது.

சாயங்காலம் பிரிகன் அருங்காட்சியகம். 1955 தீக்குப் பிறகு சாம்பலுக்குக் கீழே தோண்டத் தொடங்கியவர்கள் வருஷக்கணக்கில் தோண்டினார்கள். ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து கீறிய மரச்சில்லுகளும் எலும்புத் துண்டுகளுமாக அறுநூற்றுக்கு மேல் கிடைத்தன. அதற்குமுன் ரூன் என்றால் நடுகல்லில் செதுக்கும் எழுத்து என்றே பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். இங்கே கிடைத்தவை மூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டுகள், வியாபாரக் கடிதங்கள், காதல் வரிகள். ஒரு குச்சியில் இருப்பது இவ்வளவுதான்: "கீடா உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள்." ஏதோ மதுக்கடையில் உட்கார்ந்திருந்தவனுக்குப் போயிருக்கும் என்பது பலருடைய ஊகம். இவர் வெகுநேரம் அதன்முன் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டோம். பிரிகன் நிற்பது திடமான தரையில் இல்லை. பழைய மரச்சட்டங்கள், குப்பை, ஒவ்வொரு தீயின் கரி என்று அடுக்கடுக்காகக் கடலுக்குள் தள்ளித் தள்ளி உண்டாக்கிய மேடு. ஈரத்தில், காற்றுப் புகாமல் கிடக்கும்வரை அந்த மரம் மக்காது. எழுபதுகளின் கடைசியில் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்காகப் பள்ளம் எடுத்து வடிகால் வைத்ததில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. உடனே மேடும் அமுங்கத் தொடங்கி, மேலே இருந்த வீடுகள் சாய்ந்தன. பிறகு மழைநீரைச் சாக்கடைக்கு விடாமல் மண்ணுக்குள் இறக்கி நீர்மட்டத்தைத் தூக்கினார்கள். ஆக, நாங்கள் திட்டிக்கொண்டிருந்த மழைதான் இந்த வீடுகளைத் தாங்குகிறது.

ஜூன் 13, வியாழன்

இன்று போன இடத்துக்குச் சுற்றுலாக் கூட்டம் வருவதில்லை. புனித யோர்கன் மருத்துவமனை. தொழுநோயாளிகளுக்காகப் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இருந்த இடம். இப்போதுள்ள மரக்கட்டடங்கள் 1702 தீக்குப் பின் கட்டியவை.

நடுவில் உயரமான கூடம், சுற்றிலும் இரண்டு தளங்களில் நடை, நடையை ஒட்டிச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்குள் போய் நின்று கையை விரித்தால் இரு சுவரையும் கிட்டத்தட்டத் தொட்டுவிடலாம். அதற்குள் இரண்டு மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். கதவின் விளிம்பு கைபட்டுக் கைபட்டு உள்வாங்கியிருந்தது. சமையலறையில் ஆளுக்கொரு பெட்டி, தனித்தனிச் சமையல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நார்வேயில் தொழுநோயாளிகள் மூவாயிரத்தை ஒட்டி இருந்தார்கள், பெரும்பாலும் இந்த மேற்குக் கரையில். 1856இல் ஊர் ஊராகப் பெயர் எழுதிப் பதிவேடு தொடங்கினார்கள். ஒரே நோய்க்காக நாடு முழுவதற்கும் எடுத்த முதல் பதிவேடு என்று அதைச் சொல்வார்கள். இங்கே பெரிய மருத்துவர் தானியல்சென். இது பரம்பரை நோய் என்பது அவர் முடிவு. அவருடைய மருமகன்தான் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன். மாமனார் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல், 1873இல் நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததில் குச்சி குச்சியான கிருமியைக் கண்டார். மனிதருக்கு நாள்பட்ட நோய் ஒன்றைத் தருவது பாக்டீரியாதான் என்று காட்டியதில் அது முன்னோடி.

அவரைச் சிலை வைத்துக் கும்பிடுவதோடு விடாமல் மற்றதையும் எழுதியிருக்கிறார்கள். கிருமி தொற்றும் என்று நிரூபிக்க, 1879இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவளைக் கேட்காமலே, வேறொருவரின் கட்டியிலிருந்து எடுத்ததை ஊசியால் ஏற்றினார். வழக்கு நடந்து, 1880இல் மருத்துவமனைப் பதவி போனது. ஆனால் தொழுநோய்க்கான நாட்டின் தலைமை மருத்துவர் பொறுப்பில் 1912இல் சாகும்வரை இருந்தார். தண்டனை போதுமா என்று எனக்குத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. அந்தப் பெண் கோர்ட்டில் வந்து தன் வாயால் சொன்னாளே, அது பெரிய விஷயம்.

இவருடைய அத்தை வேலூரில் நர்ஸாக இருந்தவர். பால் பிராண்ட் என்ற மருத்துவர் அங்கேதான் 1940களின் பிற்பகுதியில் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். அந்த வார்டுகளைப் பற்றி அத்தை சொன்னதையெல்லாம் இவர் இன்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். புனித யோர்கனின் கடைசி இரண்டு நோயாளிகள் இறந்தது 1946இல். இருவரும் ஐம்பது வருஷத்துக்கு மேல் இதற்குள்ளேயே இருந்தவர்கள்.

ஜூன் 14, வெள்ளி

வெயில்! ஊரே வெளியில் வந்து புல்தரையில் உட்கார்ந்துவிட்டது. ஃப்ளோயன் மலைக்கு 1918இல் ஓடத் தொடங்கிய இழுவை ரயிலில் ஏறினோம். 320 மீட்டர் உயரம், சில நிமிஷத்தில் உச்சி. மேலே கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிய ஆடுகள் திரிகின்றன. ஒன்று இவருடைய கையில் இருந்த வரைபடத்தை ஓரமாகக் கடித்துப் பார்த்தது.

மேலிருந்து பார்த்தால் நகர நடுவில் ஏன் அத்தனை அகலமான வெட்டவெளிகள் என்று விளங்குகிறது. தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமல் இருக்க விட்ட இடைவெளிகள் அவை. 1916 தீயில் நடுநகரம் பெரும்பாலும் போன பிறகு அங்கெல்லாம் கல்லிலும் செங்கல்லிலும் கட்டினார்கள். கல்லும் தப்பவில்லை. 1944 ஏப்ரல் 20 அன்று வெடிமருந்து ஏற்றிய டச்சுக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் வெடித்தது. நூற்றைம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஹோகோன் மன்னர் மண்டபத்துக்குச் சுவர்தான் மிஞ்சியது. இறங்கி வந்து அதையும் பார்த்தோம். கூரை புதியது, நன்றாகவே செய்திருக்கிறார்கள். உள்ளே காட்டுவதற்கு அதிகம் இல்லை.

ஜூன் 15, சனி

ஆஸ்லோ ரயில். ஏழு மணி நேரம் என்றாலும் ஜன்னல் சீட் கிடைத்தால் தூங்க மனம் வராது. 1909இல் இந்தப் பாதை திறக்கும்வரை பெர்கன்காரர்கள் தலைநகருக்குப் போக பெரும்பாலும் நாட்டின் தென்கோடியைச் சுற்றிக் கப்பலில் போவார்கள். ஃபின்சே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில். ஜூன் நடுவிலும் ஏரியில் பாதி பனிக்கட்டி. இவர் நடைமேடையில் குதித்துப் படம் எடுத்துவிட்டு, கார்டு ஊதுவதற்குள் நடுங்கிக்கொண்டு ஏறினார்.

மதியம் புளியோதரை டப்பாவைத் திறந்தேன். எதிர் சீட்டுப் பெரியவர் பெருங்காய வாசனைக்குப் புத்தகத்தை மூடிவிட்டார். ஒரு கரண்டி கொடுத்தோம், கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார். பதிலுக்குப் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியை மெல்லிசாகச் சீவி ரொட்டியில் வைத்துத் தந்தார். பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிந்த நீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்வதாம். தித்திப்பாக இருக்கிறது. இவர் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார். எனக்கு ஒன்றோடு போதும் என்றாகிவிட்டது.