ஆறுமணிக் குருவிக்கு ஒரு மார்கழி

மார்கழியில் கல்யாணம் கிடையாது. எங்கள் தொழிலில் அது லென்ஸுக்கு ஃபங்கஸ் பார்க்கிற மாதம், பாக்கி வசூலிக்கிற மாதம். திருநெல்வேலியில் 16 வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஒரே ஒரு மார்கழிக்குத்தான் வேலை வந்திருக்கிறது. சிவகாசியில் அச்சாகப்போகும் காலண்டருக்கு நெல்லைப் பக்கத்துப் பறவைகள், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. அங்கே அடுத்த வருடத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கன்றுதான் வெளியாகும் என்பதால், கையில் நிறைய நாள் இருப்பதாக நினைத்து ஒத்துக்கொண்டேன்.

பாதி வேலையைக் கூந்தன்குளம் முடித்துக் கொடுத்தது. சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டுகிற ஊர். தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டார்கள். மண்டபத்துக்குக் கொண்டுபோகும் 70-200 லென்ஸே போதுமாக இருந்தது.

வரித்தலை வாத்துக்காகத்தான் தூரத்தைக் கிட்டே இழுக்கிற 150-600 மி.மீ. லென்ஸை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு கிலோ கனம். உதவிக்கு வரும் பையன் அதற்குப் ‘பீரங்கி’ என்று பெயர் வைத்தான். காருக்குள்ளிருந்தபடியே, அரிசி நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்த வேண்டும். காரைக் கண்டு அசையாத வாத்து, கதவு திறக்கிற சத்தத்துக்குக் கூட்டத்தோடு எழும்பிவிடும். ஒன்பது மணி தாண்டினால் குளத்தின்மேல் கானல். எவ்வளவு கவனமாக ஃபோகஸ் வைத்தாலும் படம் கொதிக்கிற பால் மாதிரி அலையும். நடுவில் இருக்கிற காற்றே ஆடும்போது லென்ஸ் என்ன செய்யும்?

பதினொரு பறவை முடிந்தது. மிச்சம் ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரண்டே ஸ்வரத்தில் ஒரு சீட்டி. மழைக்காலத்தில் வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இங்கேயும் இலங்கைக்கும் வந்து சேரும். பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும், மரநிழலில் சருகு புரட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றால் கண்ணில் படாது.

தாமிரபரணிக் கரையோரம் ஒரு பழைய தோப்பில் அது கேட்பதாகச் சொன்னார்கள். கோயில் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எனக்கும் கேட்டது. முதல் வாரம் முழுக்கக் குரலைத் துரத்தினேன். குனிந்து போனேன், தவழ்ந்து போனேன். எப்போதும் எனக்குப் பதினைந்து மீட்டர் முன்னால்தான் இருந்தது. பதினைந்து மீட்டரில், லென்ஸை 600 வரை முழுதாக இழுத்துப் பார்த்தாலும் சட்டத்துக்குள் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலம் அடங்கும். பறவையோ ஒரு சாண்கூட இல்லை. மண்டபத்தில் ‘தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க’ என்று மாப்பிள்ளையையே திருப்பிப் பழகியவனுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது.

எட்டாம் நாள் பையன் போனில் அதன் குரலைப் பதிவிறக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒலித்த ஒரு நிமிடத்தில் குருவி வந்தது. தன் இடத்தில் வேறொன்று புகுந்துவிட்டது என்று நினைத்திருக்கும். இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்குமாகத் தாவி, உடம்பை நிமிர்த்தி, பதில் சீட்டி அடித்துக்கொண்டே இருந்தது. அறுபது படம் எடுத்தேன். அடுத்த மூன்று நாள் அந்த மூலையில் சத்தமே இல்லை. எங்களால்தான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, அறுபதிலும் அது எதையோ தேடி அலைகிற பார்வைதான் தெரிந்தது. மணப்பெண் அழுதுகொண்டிருக்கும்போது எடுத்த படத்தை ஆல்பத்தில் வைக்க மாட்டோம் இல்லையா, அந்த மாதிரி. அழித்துவிட்டேன். பையனுக்குக் கோபம்.

அப்புறம் துரத்துவதை விட்டேன். தோப்பில் மோட்டார் போடுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். “நீங்க அதப் பாக்கதுக்கு முன்ன அது ஒங்களப் பாத்துரும் தம்பி. சும்மா ஒரு இடத்துல இருங்க” என்றார். வாய்க்கால் ஓரத்தில் ஈரச்சருகு புரண்டுகிடந்த இடத்தைப் பார்த்துவைத்து, எட்டு மீட்டர் தள்ளி, பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு விடியுமுன்னே உட்கார்ந்தேன். கொசுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை முடியாது.

ஐந்தாவது நாள் வந்தது. ஆறே முக்கால் இருக்கும். மரத்தடியில் வெளிச்சம் அவ்வளவாக இல்லை. வெளிச்சத்தை உள்ளே விட f/6.3-க்கு மேல் இந்த லென்ஸ் திறக்காது. வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/60 வினாடிதான் கிடைத்தது. அந்தத் தூரத்தில் ஃபோகஸ் நிற்கும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர். கண்ணைப் பிடித்தால் வால் கலங்கும். முன்னால் ஒரு புல் குறுக்கிட்டாலும் ஃபோகஸ் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கையால் வளையத்தைத் திருப்பிக் கண்ணில் நிறுத்தி, மூச்சை அடக்கி ஒன்று எடுத்தேன். ‘டப்.’ மண்டபத்து நாதஸ்வரத்துக்கு நடுவே நான் ஒருநாளும் கவனித்திராத சத்தம் அது. குருவி அப்படியே உறைந்து நின்றது. நானும்தான். இன்னொன்று எடுக்கக் கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அது ஒரு புழுவை இழுத்துத் தின்றுவிட்டு, அவசரமில்லாமல் தத்தித்தத்தி நிழலுக்குள் போனது.

காலண்டர்காரர் அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முதுகு காட்டுகிறது, சிவப்பு சரியாகத் தெரியவில்லை, கிட்டத்தில் எடுத்தது இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். டிசம்பர் மாதத்துக்கு மீன்கொத்தி போனது.

எடுத்த அன்றைக்கே பெரியவரிடம் கேமராத் திரையைக் காட்டினேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது என்ன குருவி தம்பி?”

“அண்ணாச்சி, இதுதான் ஆறுமணிக் குருவி.”

“முப்பது வருசமா இது சத்தத்தக் கேட்டுத்தான் மோட்டார் போடுதேன்” என்றார். “காக்கா தண்டி இருக்கும்னுல்லா நெனச்சேன்.”