தாத்தாவுக்குப் பச்சை அங்கி

பாளையங்கோட்டையில் டிசம்பர் பிறந்துவிட்டால் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) ஆசிரியைகளுக்கு இரண்டு வேலைகள் கூடுதலாக வந்து சேரும். ஒன்று, கிறிஸ்மஸ் கீத பவனிக்காகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது. மற்றொன்று, ஆலயத்தை அலங்கரிக்க அவர்கள் கையாலேயே படங்களும் காகித வேலைப்பாடுகளும் செய்விப்பது. அரையாண்டுத் தேர்வுக்கு நடுவே வந்த சனிக்கிழமையில் இந்த இரண்டாவது வேலையை வைத்துக்கொண்டோம். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை இருக்கிறதே என்று தாய்மார்கள் தயங்கியபோதும் பிள்ளைகள் ஒருவர் குறையாமல் வந்துவிட்டார்கள். கணக்குப் பரீட்சை இருந்ததனால்தான் வந்தார்கள் என்பது என் கருத்து.

வண்ணம் தீட்டுவதற்கான படங்களை எங்கள் போதகரின் மனைவியான ஐயரம்மா இணையத்திலிருந்து எடுத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் குளிர் நாட்டுப் படங்கள்: பனிமனிதன், புகைபோக்கிக்குள் இறங்கும் கிறிஸ்மஸ் தாத்தா, கலைமான்கள் இழுக்கும் வண்டி. "டீச்சர், இந்த மாட்டுக்குக் கொம்புல கிளை விட்டிருக்கு" என்று ஒருவன் புகார் செய்தான். அது மாடு அல்ல, மான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள், மாட்டுப் பொங்கலுக்குத் தன் வீட்டுக் கொம்புகளுக்கு வண்ணம் அடித்துப் பழகிய அந்தப் பையன், ஒவ்வொரு கிளைக்கும் சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றித் தீட்டி, கழுத்தில் ஒரு சலங்கையையும் தன் பங்குக்கு வரைந்துவிட்டான். பக்கத்துச் சிறுமியோ பனிமனிதனை மூன்று இட்லிகளாகவே முடிவு செய்து, தலைக்கு மேல் ஆவி பறக்கவிட்டு, காலடியில் சிவப்புச் சட்னியும் ஊற்றியிருந்தாள். புகைபோக்கியைப் பற்றி எழுந்த கேள்விக்கு எங்களில் எவரிடமும் பதில் இல்லை: "வாசக்கதவு திறந்துதானே கிடக்கு, அந்த வழியா வந்தா என்ன?"

உண்மையான நெருக்கடி தாத்தாவின் அங்கியில்தான் தொடங்கியது. 12 நிறங்கள் கொண்ட கிரேயான் பெட்டியில் சிவப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துக் கொடுத்திருந்த நிலையில், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சிவப்புத் தேவைப்பட்டது. சிவப்பைக் கைப்பற்றியவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கிடைக்காதவர்கள் ஆரஞ்சுக்கும் ரோஸுக்கும் இறங்கி வந்தார்கள். கடைசி வரிசைத் தாத்தாக்களுக்கு ஊதாவும் பச்சையும்தான் வாய்த்தன. பச்சை அங்கி போட்ட தாத்தாவுக்குச் சொந்தக்காரி அழத் தொடங்கியபோது, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வரையப்பட்ட பல படங்களில் தாத்தா பச்சை அங்கியோடுதான் இருக்கிறார் என்று எடுத்துச் சொன்னேன். அது முழு உண்மை. ஆனால் அழுகையை நிறுத்தியது வரலாறு அன்று, கையில் கொடுத்த கடலை மிட்டாய்.

இந்தக் கலவரத்தில் கலந்துகொள்ளாமல் ஓரமாக ஒருவன் வெள்ளைத் தாளின் மேல் வெள்ளைக் கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "பனிக்கு ரெண்டாவது கோட்டிங் டீச்சர். மொத கோட்டிங் காஞ்சிட்டு" என்றான். அவனுடைய அப்பா பெயிண்டர்.

வண்ணம் தீட்டி முடிந்ததும் காகிதப் பனிப்பூ வெட்டுவதற்கு, பணி ஓய்வு பெற்ற கணக்கு சார் ஒருவரை அழைத்திருந்தோம். அவர் பாகைமானியோடு வந்தார். சதுரத் தாளைப் பாதி, பாதி என்று மடித்துக்கொண்டே போய் வெட்டினால் நான்கு அல்லது எட்டு இதழ்கள்தான் வரும் என்றும், உறையும் நீர் மூலக்கூறுகள் அறுகோண அடுக்கில் சேர்வதால் உண்மையான பனிப்பூவுக்கு ஆறு கைகள்தான் உண்டு என்றும், ஆகவே தாளை இரண்டாக மடித்தபின் அந்த நேர்கோட்டை 60 பாகை வீதம் மூன்றாகப் பகுத்து மடிக்க வேண்டும் என்றும் அவர் தொடங்கினார். ஏன் ஆறு என்ற கேள்வியை 1611ஆம் ஆண்டிலேயே வானியலாளர் கெப்ளர் ஒரு சிறு நூலாக எழுதிப் புத்தாண்டுப் பரிசாக நண்பருக்குக் கொடுத்தார் என்பதும், கிறிஸ்மஸுக்குத் தொங்கவிடும், பல முனைகள் கொண்ட மொராவிய நட்சத்திரம் 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில் வடிவியல் பாடத்திற்காகப் பிறந்தது என்பதும் நான் அன்று கேட்டு அறிந்தவை. பிள்ளைகள் அறிந்தது வேறொன்று: பரீட்சைக்குத் தப்பி வந்த இடத்திலும் கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

விளைவாக, 60 பாகைக்குக் காத்திராமல் கத்தரிக்கோல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. மடித்த தாளில் மடிப்பு ஓரத்தைக் கொஞ்சமாவது வெட்டாமல் விட வேண்டும். இல்லையேல் பிரிக்கும்போது பூ வராது, துண்டுகள்தான் கொட்டும். பெரும்பாலோர் மடிப்பையே முழுதாக வெட்டியிருந்தார்கள். மழை விட்ட பிற்பகல், புழுக்கம் தாங்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் மின்விசிறியை ஐந்தில் வைத்தார். மேசைகளில் கிடந்த அவ்வளவு துண்டுகளும் மேலெழும்பி, கூடம் முழுவதும் சுற்றி, பசை காயாத தாத்தாக்களின் மேலும் கணக்கு சாரின் வழுக்கைத் தலையிலும் இறங்கின. பாளையங்கோட்டையில் பனி பெய்கிறது என்று பிள்ளைகள் கூத்தாடினார்கள். அந்த ஆரவாரத்தின் நடுவே, சார் மட்டும் தம்முடைய தாளை நிதானமாகப் பிரித்து, ஆறு கைகளும் மயிரிழை பிசகாத ஒரு பனிப்பூவை உயர்த்திக் காட்டினார். ஒருவரும் பார்க்கவில்லை. நான் கைதட்டினேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் செலவுக் கணக்கைப் பொருளாளரிடம் கொடுத்தேன். அடுத்த ஆண்டு கூடுதல் கிரேயான் பெட்டிகள் தேவை, சிவப்புப் போதவில்லை என்று அடியில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வெள்ளை முனை மழுங்காமல் அப்படியே இருந்தது.

"புதுசா எதுக்கும்மா? அடுத்த வருஷம் தாத்தா வேண்டாம். ஆட்டுக்குட்டி படம் கொடுங்க. வெள்ளை பூரா மிச்சம் கிடக்குல்லா" என்றார்.